கைக்கு வந்தது

“எனக்குச் சமாதானமே இல்லைம்மா” என்றார் அருமைநாயகம்.

“உட்காருங்கய்யா.”

அவர் உட்காரவில்லை. ஆயர் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்திலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து வேப்பமரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் கடைச் சாவிக்கொத்து குலுங்கியது. ஊரில் எந்த விசேஷத்துக்கும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுப்பவர் அவர். எல்லோரையும் உட்காரவைப்பவர்.

சபை ஆயர் ஜெமிமா தன் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தார். அருமைநாயகத்துக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். கையெல்லாம் கரி.

“ஜெபம் பண்றேன். உபவாசம் இருக்கேன். வேதத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சுட்டு, திரும்ப ஆதியாகமத்துக்கு வந்துட்டேன். படுத்தாத் தூக்கம் வரலை. கடையில இருப்புக்கொள்ளலை. எதிர்ல வர்றவன் சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறான்னு தோணுது. ஒரு கிறிஸ்தவன் எப்படிம்மா நிம்மதியா வாழறது?”

“இதைக் கொஞ்சம் பிடிங்க.”

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜெமிமா மறுபடி எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சமாதானம் கொடுத்தனுப்பினேனே. வரலையா?”

“அது ஆராதனை முறை.”

“வந்துச்சா, வரலையா?”

“வந்துச்சு. மோசஸ் வாத்தியார் கொடுத்தாரு.”

“நீங்க யாருக்குக் கொடுத்தீங்க?”

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

அந்தச் சபையில் சமாதானம் கூறுவது வாயோடு முடிகிற காரியமில்லை. திருவிருந்துக்கு முன்னால் ஆயர் பீடத்திலிருந்து இறங்கி வருவார். முதல் வரிசையில் இருப்பவர் நீட்டிய கைகளைத் தன் கைகளுக்குள் பொதிந்து, “சமாதானம் உங்களோடிருப்பதாக” என்பார். வாங்கியவர் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுப்பார். வரிசையின் கடைசி ஆள் திரும்பிப் பின்வரிசைக்குக் கொடுப்பார். இப்படிக் கைமாறிக் கைமாறி வாசல் வரைக்கும் போக வேண்டும். தானாக யாரும் ஆரம்பிக்கக் கூடாது. வாங்கினவர்தான் கொடுக்கலாம்.

ஆண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி ஒரு குட்டைப் பெஞ்சு. ஒருவர்தான் உட்காரலாம். அது அருமைநாயகத்தின் இடம்.

அதற்குப் பின்னால் கடைசி பெஞ்சு. மாட்டைக் கறந்து பாலை ஊற்றிவிட்டு வருவதால் தாமதமாகிவிடும் சற்குணம் அங்கேதான் உட்காருவார். சற்குணம் அருமைநாயகத்தின் தங்கை கணவர்.

“யாருக்கும் கொடுக்கலை” என்றார் அருமைநாயகம்.

“பின்னே?”

“கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கிட்டேன்.”

“எப்ப இருந்து?”

“அறுப்பின் பண்டிகையில இருந்து.”

ஜெமிமா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அப்படின்னா இந்தச் சபையிலயே உங்ககிட்டதான்யா சமாதானம் நிறைய இருக்கணும்.”

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. கேட்டை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆறுதல் கேட்டு வந்தவனிடம் கேலியா? இதற்குத்தான் வேதசாஸ்திரம் படித்துவிட்டு வந்தாளா?

கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் வலது கை மூடியே இருப்பது தெரிந்தது. விரித்தார்.

ஸ்பார்க் பிளக்.

*

“தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேன்” என்றார் மறுநாள் காலையில்.

“தெரியும். நேத்து ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“கையில இருக்கறது உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன்.”

பிளக்கைக் கொடுத்தார். திரும்பிப் போகவில்லை. நடக்க ஆரம்பித்தார்.

“நீங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கணும்மா. தப்பு யார் மேலேன்னு சபைக்குத் தெரியணும். அவன் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“என்ன நடந்துச்சு?”

“உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே ஏலத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க?”

“உங்க வாயால சொல்லுங்க.”

சொன்னார். அறுப்பின் பண்டிகைக்கு அவர் வீட்டுக் கொடியில் காய்த்த முதல் பூசணியைக் காணிக்கையாகப் படைத்தார். தொட்டில் மாதிரி பெரியது. ஆராதனை முடிந்து படைத்ததையெல்லாம் ஏலம் விட்டார்கள். சேவல், வாழைத்தார், முட்டைத் தட்டு, பிறகு பூசணி. சற்குணம் விடாமல் கேட்டு, ஏலத்தில் எடுத்தார்.

எடுத்தவர் அதைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

“திரும்ப ஏலத்துல விடுங்க. எங்க மச்சான் மாதிரிதான் இருக்கு. வெளியே பெருசு, உள்ளே காத்து.”

சபையே சிரித்தது.

“எடுத்ததைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுக்கறது வழக்கம்தானேய்யா? ஒரே சேவலை எத்தனை பேரு மாத்தி மாத்தி எடுப்பாங்க” என்றார் ஜெமிமா.

“சேவலைக் கொடுக்கட்டும். என் பூசணியை ஏன் கொடுக்கணும்?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? பூசணியைப் பிடுங்கித் தரையில போட்டு உடைச்சேன். அவன் இனிமே என் வாசலை மிதிக்காதேன்னான். அவ்வளவுதான்.”

“உடைக்கும்போது ஏதோ சொன்னீங்க.”

“கோபத்துல ஆயிரம் வரும்.”

“ஆயிரம் வரலை. ஒண்ணுதான் வந்துச்சு.”

அருமைநாயகம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளையில்லாத வீட்டுக்குப் பூசணி எதுக்குடா, யாருக்கு அறுத்துப் போடப் போறே? அதுதான் அவர் சொன்னது. சற்குணத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பெண்கள் பக்கத்தில் தங்கை ரெபேக்கா முட்டைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. தட்டு ஆடவில்லை. முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை.

“அவளைச் சொல்லலை” என்றார் அருமைநாயகம்.

ஜெமிமா பிளக்கைத் துணியால் துடைத்தார்.

“அவ தொழுவத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கறா. இன்னும் போய்ப் பாக்கலை. என் பொஞ்சாதிதான் போயிட்டு வர்றா. என்னைப் பத்திக் கேட்டாளான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். ஒண்ணும் கேக்கலைங்கறா.” சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தார். “இன்னும் ரெண்டு மூணு வாரத்துல, ஒரு திங்கக்கிழமை, கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். அவன் அண்ணன் வீட்டுக்கு. மாட்டை விக்கறதுக்கு ஆள் பாக்கறானாம். போனா வருவாங்களா?”

“பூசணிக்கொடி இன்னும் இருக்கா?” என்று கேட்டார் ஜெமிமா.

“நான் என்ன பேசறேன், நீங்க என்ன கேக்கறீங்க?”

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் தூண் பெஞ்சில் உட்காரவில்லை. முதல் வரிசையில் போய் நின்றார். ஜெமிமாவின் கையிலிருந்து நேராக வாங்கினார். பக்கத்திலிருந்தவருக்கு அழுத்தமாகக் கொடுத்தார். மனம் விட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் வலித்த கையை உதறிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் ஓடினார்.

“இன்னைக்குக் கொடுத்தேன்மா.”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் மனசு அடங்க மாட்டேங்குது?”

“தூண் பெஞ்சு காலியா இருந்துச்சு. மோசஸ் வாத்தியார் திரும்பினாரு. ஆளில்லை. கையைக் கீழே போட்டுட்டாரு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“உங்க இடத்துல இருந்து பின்னால திரும்பிப் பாத்திருக்கீங்களா?”

“பின்னால பாக்க வேண்டாம்னுதானே கண்ணை மூடறேன்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு ஜெமிமா அங்கியைக் கழற்ற உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு அருமைநாயகம் தூணடிக்கே திரும்பினார். பாட்டில் மனம் ஓடவில்லை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. சமாதானம் முன்வரிசைகளில் கைமாறி வருகிற சத்தம், மழை நெருங்குவது போலக் கேட்டது. மோசஸ் வாத்தியார் திரும்பினார். அருமைநாயகம் வாங்கினார். கையைக் கூப்பினார். கண்ணை மூடினார்.

மூடிய கண்ணைத் திறந்து, தூணைச் சாக்காக வைத்துக்கொண்டு ஓரமாகத் திரும்பினார்.

கடைசி பெஞ்சில் சற்குணம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. உள்ளங்கைகள் சேர்ந்து, வாங்குவதற்குத் தயாராக.

அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. முன்னால் அருமைநாயகத்தின் முதுகுதான்.

அருமைநாயகம் சட்டென்று பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூப்பிய கை பிரியவில்லை. காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. மறுபடி திரும்பியபோது சற்குணம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

*

“அவன் கையை நீட்டிக்கிட்டு நிக்கறாம்மா!”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“நான் நிக்கற இடத்துல இருந்து எல்லாம் தெரியும்.”

“எப்பவுமா நிக்கறான்?”

“எல்லா ஞாயிறும். பாட்டு ஆரம்பிச்சதும் கையை இறக்கிடுவாரு.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீங்க திரும்பியிருக்க மாட்டீங்க.”

அருமைநாயகம் முற்றத்தில் எங்கே நடக்கிறோம் என்று தெரியாமல் கோழிக்கூண்டில் மோதினார். கோழிகள் கத்தின.

“வாசலை மிதிக்காதேங்கறான். கையையும் நீட்டறான். அவன் எப்படிப்பட்ட ஆளும்மா?”

“சனிக்கிழமை காலையில வாங்க. கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல். பெட்டி தூக்க ஆள் வேணும்.”

*

கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஆயர் வீடு தேடிப் போய்த் திருவிருந்து கொடுப்பது அந்தச் சபை வழக்கம். அப்பமும் திராட்சரசமும் ஒரு சின்ன மரப்பெட்டியில் போகும்; கோயில் ஊழியரான கோயில்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார். ஜெமிமா ஸ்கூட்டரில் முன்னால் போனார். அருமைநாயகம் தன் மொபெட்டில், பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

முதல் வீட்டில் பார்வை போன ஒரு பெரியவர். ஜெமிமா சமாதானத்தை அருமைநாயகத்தின் கையில் கொடுத்தார். அவர் பெரியவருக்குக் கொடுத்தார்.

பெரியவர் கையை விடவில்லை. தடவிப் பார்த்தார்.

“யாருப்பா நீ? கை இப்படி நடுங்குது. ஆயரம்மா, எனக்கு அப்புறம் ஜெபிக்கலாம். முதல்ல இந்த ஆளைக் கவனிங்க.”

ஜெமிமா சிரித்துவிட்டார். அருமைநாயகம் சிரிக்கவில்லை.

அங்கிருந்து கிளம்பி ஒரு தெரு திரும்பியதும் வைக்கோல் வாசம் வந்தது. அவர் மொபெட்டை நிறுத்தினார்.

“இந்தத் தெருவுக்குன்னு சொல்லலையே.”

“நீங்க கேக்கலை.”

“நான் வெளியிலயே நின்னுக்கறேன்.”

“நில்லுங்க” என்று சொல்லிவிட்டு ஜெமிமா நடந்தார். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் புத்தகம். பெட்டியைக் கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அருமைநாயகம் பெட்டியைப் பார்த்தார். ஆயரின் முதுகைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது போல, ரோட்டைப் பார்க்கக் கழற்றிப் போட்டார்.

சற்குணம் தொழுவத்திலிருந்து வந்தார். முழங்கை வரைக்கும் சாணி.

“வாங்கம்மா” என்றவர், பின்னால் பார்த்தார். முகம் மாறியது. “இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

அருமைநாயகம் பெட்டியை நீட்டினார். “இதை வாங்கிக்க. நான் போயிடறேன்.”

“இந்தக் கையாலயா?”

பெட்டி இருவருக்கும் நடுவில் நின்றது. ஜெமிமா கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“யாருங்க வந்திருக்கறது?” உள்ளேயிருந்து ரெபேக்காவின் குரல்.

“ஆயரம்மா.”

“கூட யாரு?”

சற்குணம் பெட்டியைப் பார்த்தார்.

“பெட்டி தூக்கிட்டு வந்தவரு” என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவத் தொட்டிக்குப் போனார்.

*

ரெபேக்கா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். பாதியாகியிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்தாள்.

ஜெமிமா நாற்காலியைக் காட்டினார். அருமைநாயகம் நின்றே இருந்தார்.

சற்குணம் ஈரக் கையோடு வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆயர் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை விரித்தார். பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ‘வார்த்தையினால் பாவம் செய்தோம்’ என்ற இடம் வந்தபோது ஒரு குரல் மட்டும் கேட்கவில்லை.

பிறகு ஜெமிமா அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். அவர் கைகளைத் தன் கைகளுக்குள் பொதிந்தார்.

“சமாதானம் உங்களோடிருப்பதாக.”

அவர் தங்கையின் பக்கம் குனிந்தார்.

ரெபேக்காவின் கைகள் போர்வைக்குள் இருந்தன. வெளியே வரவில்லை. அவள் கண்கள் மட்டும் கட்டிலின் அந்தப் பக்கம் போயின.

அங்கே சற்குணம் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு கைகளும் நீண்டிருந்தன. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கட்டில் குறுக்கே இருந்தது. தங்கையின் மேல் குனியாமல் எட்டாது. அருமைநாயகம் குனிந்தார். சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவருக்குச் சிறுவயதிலிருந்து மனப்பாடம். முதல் வார்த்தை மட்டும்தான் வந்தது.

சற்குணத்தின் கைகள் சில்லென்றிருந்தன. வாங்கிக்கொண்டன. கண்கள் திறக்கவில்லை. வெகுநேரம் திறக்கவில்லை.

பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வெளியே வந்தன.

*

பெட்டியை மூடி, ஜெமிமா தானே தூக்கிக்கொண்டார். சற்குணம் வழியனுப்பப் போனார். யாரும் அருமைநாயகத்திடம் வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. அவர் அறையின் நடுவில் நின்றார்.

“பூசணி இன்னும் காய்க்குதா அண்ணே?” என்று கேட்டாள் ரெபேக்கா.

“காய்க்குது.”

“ஒண்ணு கொண்டா.”

“ரெபேக்கா, அன்னைக்கு நான்...”

“திங்கக்கிழமைக்குள்ள கொண்டா. நானே அறுக்கறேன். அரிவாமணைகிட்ட உட்கார முடியாது. படுத்துக்கிட்டே கத்தியால அறுத்துக்கறேன்.”

அவர் தலையாட்டினார்.

“நின்னுக்கிட்டே இருந்தா நான் எப்படி அண்ணாந்து பாக்கறது? கழுத்து வலிக்குது.”

அருமைநாயகம் உட்கார்ந்தார். கட்டிலின் ஓரத்தில், பட்டும் படாமல். சாவிக்கொத்து ஒரு தடவை கிலுங்கி அடங்கியது.

வெளியே ஸ்கூட்டர் உதைபட்டுக்கொண்டிருந்தது. கிளம்பவில்லை.

“பிளக்கைப் பாக்கணும்மா” என்று சற்குணத்தின் குரல் கேட்டது.

“பாத்தாச்சு” என்றார் ஜெமிமா.

இன்னொரு உதை. கிளம்பியது. சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய்த் தேய்ந்தது.

திறந்திருந்த கதவு வழியாக வாசல் தெரிந்தது. சற்குணம் கேட்டைச் சாத்த வந்தார். தெரு வெயிலில், ரோட்டைப் பார்த்தபடி அந்தச் செருப்புகள் கிடந்தன. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, கேட்டுக்கு உள்ளே தன் செருப்பு கிடந்த நிழலில் சேர்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.